கேட்டுப் பார்க்காமலே வாங்கணும்... 30,000 ரூபாய் ஹெட்போனும் ரெண்டு ஊரும்! விழுப்புரம் டு திண்டிவனம் அனுபவம்

விழுப்புரத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்குப் பட்டுப்புடவை வாங்கப் போங்கள். பாய் விரித்து உட்கார வைத்து, இருபது புடவையைப் பிரித்துப் போட்டுக் காட்டுவார்கள். பிடிக்கலைன்னா எழுந்து வந்துடலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அதே முப்பதாயிரத்துக்கு ஒரு ஹெட்போன் வாங்கணும்னா? நேருஜி சாலையில் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை நான் நடந்து பார்த்துவிட்டேன். ‘காதுல மாட்டிக் கேட்டுட்டு வாங்கலாமா?’ என்று கேட்டதற்கு, ஒரு செல்போன் கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘அண்ணா, சீல் பிரிச்சா எடுத்துக்கணும்ணா’ என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான்.

சென்னை போனால் கேட்டுப் பார்க்க வழி உண்டு. ஆனால், கடையில் நின்றுகொண்டு பத்து நிமிஷம் கேட்பது வேறு, வீட்டில் ராத்திரி ஃபேன் ஓடும்போது இரண்டு மணி நேரம் கேட்பது வேறு. நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு ரெண்டும் இல்லாமல், யாரோ எழுதியதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுவதுதான் நடக்கிறது. ஒரு மாதச் சம்பளம் போகிற விஷயம் இது. அதனால்தான் கடந்த சில மாதங்களாக விழுப்புரத்தில் இருக்கும் நானும், திண்டிவனத்தில் இருக்கும் என் மச்சானும் சேர்ந்து மூன்று ஹெட்போன்களை மாற்றி மாற்றிக் கேட்டோம். நடுவில் சுமார் 40 கிலோமீட்டர், ஒரு விக்கிரவாண்டி டோல்கேட். கல்யாண வீட்டில் கொடுத்த கட்டைப்பையில் துண்டு சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்த அந்த ஹெட்போன்கள் பற்றி, நீங்கள் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுகிறேன்.

மூன்றும் இவைதான். என்னுடையது சென்ஹைசர் ஹெச்.டி. 600. 1997-ல் வந்து, இன்னும் விற்பனையில் இருக்கும் மாடல். மச்சானுடையது ஹைஃபைமேன் சுந்தரா. மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த மச்சானின் நண்பர் ஆறு வாரம் எங்களை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன சென்ஹைசர் ஹெச்.டி. 800 எஸ். இதன் விலை லட்சத்தைத் தாண்டும். அது வீட்டில் இருந்த ஆறு வாரமும், குழந்தைகள் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்வதே தனி வேலையாக இருந்தது.

திறந்த வீடு மாதிரி ஹெட்போன்

முதலில் ஒரு முக்கியமான விஷயம். இது தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் அதிகம். மேலே சொன்ன மூன்றுமே ‘ஓப்பன் பேக்’ வகை. அதாவது காதை மூடும் கிண்ணத்தின் பின்பக்கம் அடைக்கப்படாமல் வலை போல் திறந்திருக்கும். 1968-ல் சென்ஹைசர் கொண்டுவந்த ஹெச்.டி. 414 என்ற மாடல்தான் இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி. பின்பக்கம் மூடியிருந்தால் ஒலி உள்ளேயே மோதித் திரும்பும், கொஞ்சம் டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி இருக்கும். திறந்திருந்தால் காற்று மாதிரி போய்விடும். கேட்பதற்கு இயல்பாக இருக்கும்.

ஆனால் விலை? வெளிச்சத்தம் அத்தனையும் உள்ளே வரும். உங்கள் பாட்டு அத்தனையும் வெளியே போகும். விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, காட்பாடி, புதுச்சேரி, மயிலாடுதுறை என்று ஐந்து திசைக்கு ரயில் பிரிகிறது. என் வீடு தண்டவாளத்திலிருந்து ரொம்ப தூரம் இல்லை. ஒரு வயலின் தனியாக இழைந்து அடங்குகிற இடத்தில் சரக்கு ரயில் ஹார்ன் அடித்தால், லட்ச ரூபாய் ஹெட்போனும் கையை விரித்துவிடும். ஆடி மாசம் பக்கத்து அம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் அந்தப் பத்து நாளும் இதை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டியதுதான். அம்மனோடு போட்டி போட முடியாது.

இதில் ஒரு லாபமும் உண்டு. குக்கர் விசில் கேட்கும், கேட் தட்டினால் கேட்கும், ‘எத்தனை தடவை கூப்பிடறது?’ என்ற குரலும் கேட்கும். காதை அடைக்கும் ஹெட்போன் போட்டுக்கொண்டு வாங்கிய திட்டு இப்போது குறைந்திருக்கிறது. பஸ்ஸிலும் ஆபீஸிலும் கேட்கத்தான் உங்களுக்கு ஹெட்போன் வேண்டுமென்றால், இந்த வகைப் பக்கமே வராதீர்கள்.

எது எப்படிக் கேட்டது?

ஹெச்.டி. 600-ஐ முதலில் மாட்டியபோது உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். ‘இதுக்கா இவ்ளோ காசு?’ என்று தோன்றியது. அதிரும் பேஸ் இல்லை, பளிச்சென்ற ஜிகினா இல்லை. மூன்றாவது நாள் ராத்திரி ‘இளைய நிலா’ போட்டேன். 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துப் பாட்டு. அதன் கிட்டாரை வாசித்தவர் சந்திரசேகர். கம்பியை விரல் விடும் கணத்தில் வரும் சின்னக் கீறல், எஸ்.பி.பி. அடுத்த வரிக்கு முன் இழுக்கும் மூச்சு, எல்லாம் அதனதன் அளவில் இருந்தன. எதையும் தூக்கிக் காட்டாமல், எதையும் மறைக்காமல். மனிதக் குரலுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை இந்த விலையில் நான் கேட்டதில்லை. சுசீலா, ஜேசுதாஸ், ஜானகி, யாரைப் போட்டாலும் குரலுக்கு வயசு தெரிகிறது.

குறை கீழ் ஸ்தாயியில். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். இந்த ஹெட்போன் அந்தப் பகுதிக்கு இறங்க இறங்க மெலிந்துவிடுகிறது. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் பின்னால் நின்று தாளம் போடுகிற ஆள் இல்லை, தனியாகவே ஒரு பாட்டு பாடும். அந்தப் பாட்டு கேட்கிறது, ஆனால் வயிற்றில் உட்காரவில்லை. தவிலில் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் ‘டக்’ அப்படியே வருகிறது. தொப்பியில் குச்சி விழும் ‘தொம்’ பாதிதான் வருகிறது.

சுந்தரா அந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. இதன் உள்ளமைப்பே வேறு. சாதாரண ஹெட்போனில் ஒரு சின்ன ஸ்பீக்கர் மாதிரி, சுருள் கம்பி ஒட்டிய சவ்வு அசையும். இதில் மெல்லிய படலம் ஒன்றின் மேலேயே கம்பித்தடம் ஓடும், அது காந்தங்களுக்கு முன்னால் முழுசாக அசையும். ‘பிளேனர்’ என்பார்கள். படலம் முழுக்க ஒரே சீராக உந்தப்படுவதால் கீழ் ஸ்தாயி மெலியாமல் கடைசி வரை இறங்குகிறது. திண்டிவனத்தில் மச்சான் வீட்டு மாடியில் ‘ரோஜா’ பாடல்களைப் போட்டபோது, 1992-ல் அந்த சவுண்டு ஏன் ஊரையே திருப்பிப் போட்டது என்று மறுபடி புரிந்தது. ரஹ்மான் பாட்டுகளில் அடியில் ஒரு ஒலி தரை மாதிரி விரிந்திருக்கும். ஹெச்.டி. 600-ல் அந்தத் தரை இருப்பது தெரிகிறது. சுந்தராவில் அதன்மேல் நிற்கிறோம்.

ஆனால் எடை. ஹெச்.டி. 600 சுமார் 260 கிராம்தான். சுந்தரா 372 கிராம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டால் உச்சந்தலை கேள்வி கேட்கும். குரலும் கொஞ்சம் ஒரு அடி பின்னால் தள்ளி நிற்கிற மாதிரி எனக்குப் படுகிறது. மச்சான் இதை ஒத்துக்கொள்வதே இல்லை. அவர் காசு, அவர் காது.

ஹெச்.டி. 800 எஸ் வேறு ஜாதி. 2009-ல் வந்த ஹெச்.டி. 800-ஐத் திருத்தி 2016-ல் கொண்டுவந்தது. 56 மில்லிமீட்டர் வளைய வடிவ ஒலிப்பான், காதிலிருந்து தள்ளி, சாய்வாக வைக்கப்பட்டிருக்கும். அதனால் இசை தலைக்குள் கேட்காமல் தலைக்கு வெளியே, எதிரே விரிகிறது. 2005-ல் வந்த இளையராஜாவின் திருவாசகம் ஆரட்டோரியோவில் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்திருக்கிறது. அதை இதில் போட்டோம். வயலின் வரிசை எங்கே முடிகிறது, குழுக்குரல் எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று கையை நீட்டிக் காட்டலாம். மச்சான் நிஜமாகவே கையை நீட்டிக் காட்டினார்.

அப்புறம் எழுபதுகளின் பாட்டு ஒன்றைப் போட்டோம். அங்கேதான் சிக்கல். இந்த ஹெட்போன் உயர் ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும் குணம் உள்ளது. பழைய பதிவுகளில் ‘ஸ’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் ஊசி மாதிரி குத்தியது. டேப் இரைச்சல் முன்னால் வந்து நின்றது. நாதஸ்வரம் கேட்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். அந்த வாத்தியத்துக்கே மேல் ஒலிக்கூறுகள் அதிகம். பளிச் ஹெட்போனில் அது கல்யாண மண்டபத்தில் முதல் வரிசை நாற்காலி மாதிரி ஆகிவிடுகிறது. லட்ச ரூபாய் ஹெட்போன் எல்லாப் பாட்டையும் நன்றாக்கும் என்று நினைக்காதீர்கள். நல்ல பதிவை இன்னும் நல்லதாக்கும், மோசமான பதிவை மோசம் என்று சத்தம் போட்டுச் சொல்லும். நம்மில் பெரும்பாலோர் ஆசையாகக் கேட்பது பழைய பதிவுகள்தானே?

இன்னொன்றும் சொல்லணும். டி.என்.ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் மறைந்தவர். அவர் காலத்துப் பதிவுகள் எல்லாம் மோனோ. மோனோவை எந்த ஹெட்போனில் கேட்டாலும் ஒலி இரண்டு காதுக்கும் நட்ட நடுவே, மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். ‘மேடை விரியவே இல்லையே’ என்று ஹெட்போனைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்ச் சினிமாப் பாட்டில் ஸ்டீரியோ பேச்சு வந்தாலே 1978-ன் ‘பிரியா’வைச் சொல்வார்கள். அதற்கு முந்தைய பாட்டுகளுக்கு விரிந்த மேடை தேடி லட்சம் செலவழிப்பது வீண்.

ஆம்ப் வாங்கணுமா?

இந்தக் கேள்வியில்தான் நிறைய பேரின் பர்ஸ் காலியாகிறது. ‘300 ஓம் ஹெட்போன், போனில் ஓடவே ஓடாது, நல்ல ஆம்ப்ளிஃபயர் வாங்கு’ என்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஹெச்.டி. 600-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் சத்தம் வரும் என்பது கம்பெனிக் கணக்கு. போனில் செருகும் சின்ன டாங்கிள்களில் நல்லவை 1 வோல்ட் வரை தருகின்றன. பலவீனமான போன் அரை வோல்ட் தந்தால் 6 டெசிபல் குறையும், அதாவது 91.

இந்த 97 அல்லது 91 என்பது உச்சம், ஒரு மிருதங்க அடி விழும் கணம். சராசரி அதைவிடக் கீழே இருக்கும். இப்போதைய படப் பாட்டுகளை எல்லாம் நசுக்கி நசுக்கிச் சத்தமாகவே பதிவு செய்கிறார்கள். உச்சத்துக்கும் சராசரிக்கும் வித்தியாசம் 10 டெசிபல்கூட இருக்காது. அதனால் போனிலேயே போதுமான சத்தம் வந்துவிடும். ஒரு நல்ல கச்சேரிப் பதிவிலோ ‘நத்திங் பட் விண்ட்’ மாதிரியான ஆல்பத்திலோ அந்த வித்தியாசம் 20 டெசிபல் வரை போகலாம். அங்கே போன் வால்யூமை முழுசா வைத்தாலும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கும். அப்போதுதான் ஆம்ப் தேவை. அதற்கும் எளிமையான ஒன்று போதும். நான் முதல் நாலு மாதம் டாங்கிளில்தான் கேட்டேன், ஒன்றும் குடி முழுகவில்லை.

வேறு ஒரு தொல்லையைச் சொல்கிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. நம் வீடுகளில் பாதிக்கு எர்த் சரியாக இருக்காது. லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, அதிலிருந்து ஆம்புக்கு ஒயர் கொடுத்தால் ‘உர்ர்’ என்று ஒரு சத்தம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். நான் ஹெட்போன் கோளாறு என்று நினைத்து வாரன்ட்டி கார்டு வரை தேடிவிட்டேன். சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றது. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் கம்பி சரிசெய்ய ஆன செலவுதான் என் ஆடியோ செட்டில் நான் செய்த உருப்படியான அப்கிரேடு.

ஃபைல் தகராறு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் பந்தயம் கட்டினார். சி.டி. தரத்தில் உள்ள ஃபைலுக்கும் 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3-க்கும் வித்தியாசம் தெரியும் என்று நான் சொல்லியிருந்தேன். சி.டி. என்பது நொடிக்கு 1,411 கிலோபிட். நாலு மடங்குக்கு மேல் அதிகம், தெரியாமலா போகும்? அவர் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் போட்டார். பத்துக்கு ஆறு சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். பிரியாணி நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால், இணையத்தில் யாரோ பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டுக்கும், சரியான வெளியீட்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டாலும் தெரியும். ஃபைல் எவ்வளவு பெரிது என்பதைவிட, அது எங்கிருந்து வந்தது என்பதைப் பாருங்கள். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போதும் ஒரு எச்சரிக்கை. கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதுமே நன்றாக ஒலிப்பது போலத் தோன்றும். போனில் உள்ள சத்தம் அளக்கும் ஆப்பை வைத்தாவது ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். நாங்கள் முதல் ரெண்டு வாரம் இதைச் செய்யாமல் சண்டை போட்டோம்.

பெரியப்பா கேட்ட கேள்வி

என் பெரியப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பாதி இன்ஜின் சத்தத்துக்குப் பக்கத்தில் போனது. பழைய பாட்டுன்னா உயிர். ஹெச்.டி. 800 எஸ்-ஐத் திருப்பிக் கொடுக்கும் முன் அவரிடம் ஒருமுறை மாட்டிவிட்டேன். அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் கழற்றினார். ‘நல்லாத்தான்டா இருக்கு. நடுவுல ஒரு மணிச் சத்தம் வருமே, கிணிங் கிணிங்னு... அது இதுல இல்லையா?’ என்றார்.

இருந்தது. எனக்குக் காதைத் துளைக்கிற அளவுக்கு இருந்தது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரமே அவரைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். கூடவே எனக்கும் ஆடியோகிராம் எடுத்தார்கள். சத்தம் வராத அறையில் உட்காரவைத்து, 250-லிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்து, எது எவ்வளவு மெதுவாக வரைக்கும் கேட்கிறது என்று படம் போடுவார்கள். பெரியப்பாவின் கோடு 2,000-க்கு மேல் மலையிலிருந்து இறங்குவதுபோல இறங்கியிருந்தது. அதை எதிர்பார்த்தேன். நான் எதிர்பார்க்காதது என் கோடு. 4,000 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் ரெண்டு காதிலும் ஒரு சின்னப் பள்ளம். ‘அதிக சத்தத்தால் வருவது. முதல்ல இங்கதான் அடி விழும். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாத்திக்கலாம்’ என்றார் டாக்டர். பத்து வருஷம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய்வந்தபோது, பஸ் இரைச்சலை அமுக்க இயர்போனில் வால்யூமை ஏற்றிக் கேட்டது ஞாபகம் வந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை பாதுகாப்பு. 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு நாலு மணி நேரம்தான். குழந்தைகளுக்கு எல்லை 75 டெசிபல். நல்ல ஹெட்போனில் உள்ள ஆபத்து, சத்தம் ஏறினாலும் கரகரப்பு வராது. மலிவு இயர்போன் அலறினால் நாமே குறைத்துவிடுவோம். இது அலறாமலே 90-ஐத் தொடும்.

ஆகவே, நீங்கள் இந்த விலையில் ஹெட்போன் வாங்க நினைத்தால், முதல் செலவாக ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். உங்கள் காதில் 6,000-க்கு மேல் சரியாகக் கேட்கவில்லை என்றால், அந்தப் பகுதிக்காகவே பெயர் வாங்கிய மாடலுக்கு லட்சம் கொடுத்து என்ன பிரயோஜனம்? பெரியப்பாவுக்கு ஹெட்போன் வாங்கித்தரும் யோசனையை விட்டுவிட்டு, காது கருவிக்கு அளவு கொடுத்திருக்கிறோம்.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். நம்மூர் வெயிலுக்குத் தோல் மாதிரி பளபளக்கும் மெத்தைகள் ரெண்டு வருஷத்தில் செதில் செதிலாக உரியும். வெல்வெட் துணி மெத்தை வேர்வை குடிக்கும், ஆனால் உழைக்கும். எதுவானாலும் மாற்று மெத்தை கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஹெச்.டி. 600-ல் ஒயர், மெத்தை எல்லாம் கழற்றி மாட்டலாம், இருபது வருஷம் ஆனாலும் ஓட்டலாம். ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால், ‘பிடிக்கவில்லை’ என்று திருப்பித் தரலாமா, பழுது என்றால் மட்டும்தானா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ரெண்டும் ஒன்றல்ல. முடிந்தால் பக்கத்து ஊரில் வைத்திருப்பவர் யாரையாவது பிடித்து, ஒரு மாலை அவர் வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். பாண்டிச்சேரி, கடலூர் பக்கமெல்லாம் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். டீ கொடுத்துக் கேட்கவைப்பார்கள், நாங்களும் அப்படித்தான்.

ஹெச்.டி. 800 எஸ் நண்பரோடு ஃபிளைட் ஏறிவிட்டது. சுந்தரா திண்டிவனத்தில் மச்சான் தலையில் இருக்கிறது. என் ஹெச்.டி. 600 மேஜை மேல்தான். பக்கத்தில் இருக்கும் ஆம்பின் வால்யூம் குமிழுக்கு மேலே, கடிகாரத்தில் பதினோரு மணி முள் நிற்கும் இடத்தில், என் மனைவி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறார். டாக்டரிடம் போய்வந்த அன்று சாயங்காலம் ஒட்டியது. இதுவரை ரெண்டு தடவை தாண்டியிருக்கிறேன், ரெண்டு தடவையும் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது.